வேடருக்கு எடுத்துவைத்த சோறு

தமிழ்ச் சிற்றிதழ் வாசகரிடையே பெரிதும் புழங்கிய அயல்நாட்டு உரை ஒன்றைச் சொல்லச் சொன்னால், சியாட்டில் என்னும் செவ்விந்தியத் தலைவரின் உரையைத்தான் நாம் சொல்வோம். நிலத்தை விலைபேச வந்த வெள்ளை அரசுக்கு அவர் விடுத்த மறுமொழி என்ற முன்குறிப்போடு அது சுற்றுச்சூழல் இதழ்களிலும் கல்லூரி ஆண்டு மலர்களிலும் வந்திருக்கிறது. மேடைகளில் கண்ணீரோடு வாசிக்கப்பட்டும் இருக்கிறது. 1854இல் அவர் பேசியது உண்மைதான். அப்பேச்சைக் கேட்டதாகச் சொன்ன ஹென்றி ஸ்மித் என்பவர், 33 ஆண்டுகள் கழித்து 1887இல் தம் குறிப்புகளிலிருந்து எழுதியதாகக் கூறி ஒரு செய்தித்தாளில் அதை வெளியிட்டார். நாம் உருகிப் படித்தது அதுவுமன்று. 1970களின் தொடக்கத்தில் டெட் பெரி என்ற வெள்ளைத் திரைக்கதை ஆசிரியர் ஒரு சூழலியல் படத்துக்காகப் புனைந்த வாசகமே பெரும்பாலும் நம் கைக்கு வந்து சேர்ந்தது. தோற்றவனின் குரலென நாம் போற்றியது, வென்றவனின் பேரப்பிள்ளை தன் ஆறுதலுக்காக எழுதிக்கொண்ட வசனம்.

இதைச் சொல்வது உருகியவர்களை எள்ளுவதற்காக அன்று. அவ்வுருக்கம் உண்மையானது. ஆனால் அது ஏன் எப்போதும் கடல் கடந்தே செல்கிறது என்பதுதான் நம் கேள்வி. துறையூரில் நின்று வடகிழக்கே பார்த்தால் பச்சைமலை தெரிகிறது. மேற்கே திரும்பினால் கொல்லிமலை. இவ்விரு மலைகளிலும் குடியேறியோர்க்கும் முன்னிருந்தோர்க்கும் இடையே நடந்த போரின் கதை ஒன்று, அம்மக்களாலேயே பாடலாகப் பாடப்பட்டு, நூறாண்டுகளுக்கு முன்பே அச்சிலும் ஏறியிருக்கிறது. தமிழிலக்கியம் கற்பிக்கும் நாம் அதை ஒரு வகுப்பிலாவது எடுத்துக் காட்டியதுண்டா?

எஃப். ஆர். ஹெமிங்வே தொகுத்து 1907இல் வெளிவந்த திருச்சிராப்பள்ளி மாவட்டக் கெசட்டியரில் அக்கதை இருக்கிறது. 1909இல் எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளிலும் அது எடுத்தாளப்பட்டிருக்கிறது. மலையாளிகள் எனப்படும் இம்மலைமக்களுக்குக் கேரளத்தோடு தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். நாட்டுக்கட்டு என்னும் பாடல்களில் அவர்கள் தம் வரலாற்றை வைத்திருந்தனர். காஞ்சிபுரத்து அரசனின் உடன்பிறந்தவரான ஒரு பூசாரி அரசனோடு பிணங்கி, மூன்று ஆண்மக்களோடும் பெண்மக்களோடும் இந்நாட்டுக்கு வருகிறார். அப்போது இங்கே ஆண்டவர்கள் வேடரும் வெள்ளாளரும். வந்தவர்களை அவர்கள் எதிர்க்கிறார்கள். சங்கு முழங்குகிறது, சக்கரம் அறுக்கிறது, வந்தவர்கள் வெல்கிறார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலையையும், நடுவண்ணன் பச்சைமலையையும், சின்னண்ணன் கொல்லிமலையையும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பங்கீடு மலைக்கு மலை சற்று மாறிச் சொல்லப்படுவதுண்டு. பிறகு அவர்கள் இந்நாட்டுப் பெண்களை மணக்கிறார்கள். மூத்தவர் கைக்கோளப் பெண்ணையும், நடுவர் வேடப் பெண்ணையும், இளையவர் தேவேந்திரர் குலப் பெண்ணையும் கொள்கின்றனர்.

இதுவரை உலகின் எந்தக் குடியேற்றக் கதையும் இப்படித்தான் இருக்கும். சங்கும் சக்கரமும் செய்தன என்று சொல்லிவிட்டால் கொன்ற கை எவருடையது என்ற கேள்வி எழாது. 1637இல் மிஸ்டிக் ஆற்றங்கரையில் பீகுவாட் மக்களின் கோட்டையூரைப் பெண்டு பிள்ளைகளோடு எரித்த நியூ இங்கிலாந்துக் குடியேறிகளும், வெற்றியைக் கடவுளின் கணக்கில்தான் எழுதினர்.

அதற்குப் பிறகு ஹெமிங்வே குறித்திருப்பதுதான் நம்மை நிறுத்துகிறது. பச்சைமலைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும், கணவருக்குப் பரிமாறுமுன், வேட முன்னோரை எண்ணி உணவில் ஒரு பங்கை எடுத்துவைப்பார்களாம். திருமணத்தில் வேடரின் அடையாள அணியாகக் கருதப்பட்ட சீப்பை அவர்கள் சூடுவார்களாம். மணமகன் பந்தலில் ஒரு வாளும் ஓர் அம்பும் வைப்பானாம். அம்பு வேடரின் வேட்டை வாழ்க்கைக்கு. வாள் அவர்களை வென்றதற்கு.

ஒரே பந்தலில் இரண்டும் இருக்கின்றன. வென்றோம் என்பதும் மறைக்கப்படவில்லை, வெல்லப்பட்டவர் யார் என்பதும் மறக்கப்படவில்லை. தலைவாசலில் நின்ற தகப்பன்வழி மரபு காஞ்சியைச் சொல்லிக்கொண்டிருக்க, அடுப்படியில் நின்ற தாய்வழி மரபு நாள்தோறும் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டது. கணவனுக்கு முன் என்ற அந்தச் சொல் கவனிக்கத்தக்கது. வெற்றியாளன் உண்ணும் ஒவ்வொரு வேளையும், அவன் வென்ற குடிக்கு அடுத்தபடியாகத்தான் உண்கிறான்.

வெள்ளை அதிகாரி எழுதியதை எவ்வளவு நம்புவது என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தர்ஸ்டன் மலைமக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து திரிந்தவர். அந்த அளவுகளிலிருந்து அவர் எடுத்த முடிவுகளைக் குப்பையில் போடலாம். ஆனால் சோற்றைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கத்தைப் புனைந்து அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அளவுகோலை விட்டுவிட்டு வெறுமனே கேட்டு எழுதிய இடங்களில்தான் இத்தகைய நூல்கள் நமக்குப் பயன்படுகின்றன.

துறையூரில், படித்தவர் கூடும் இடங்களிலேயே, மலைநிலம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் காதில் விழும். அவர்களும் வந்தேறிகள்தானே, காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களே சொல்லிக்கொள்கிறார்களே, பிறகென்ன பூர்வகுடி உரிமை என்பது அவ்வாதம். கேட்பதற்குக் கூர்மையாக இருக்கும். ஆனால் இதைச் சொல்பவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். துறையூர் ரெட்டியார்களின் பாளையம், பின்னர் ஜமீன். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை அந்த அரண்மனையின் நிழலில் இருந்த ஊர் இது. தெலுங்கு நாட்டிலிருந்து நாயக்கர் காலத்தை ஒட்டி வந்தவர்கள், காவிரிக்கரையிலிருந்து நகர்ந்தவர்கள், கொங்கிலிருந்து இறங்கியவர்கள் என ஊரே வந்தவர்களால் ஆனது. நாம் எவரும் வந்த கதையைச் சொல்வதில்லை. சொன்னால் குலப்பெருமையாகச் சொல்வோம். யாரிடமிருந்து எடுத்தோம் என்ற பகுதி நம் கதைகளில் இராது. மலையாளிகளின் கதையில் அது இருக்கிறது. அந்த நேர்மையையே அவர்களுக்கெதிரான சாட்சியமாக்குவது அறமாகாது.

மேலும், உரிமை என்பது ஆதியில் முளைத்தவருக்கே உரியது என்று கொண்டால் உலகில் எவருக்கும் எங்கும் உரிமையில்லை. பல தலைமுறை மலையில் உழைத்தோர்க்கும், மலையைப் பத்திரக் காகிதத்தில் மட்டும் கண்டோர்க்கும் இடையே உள்ள வேறுபாடே இங்கு பேசப்பட வேண்டியது.

மலைமக்களின் கதையை விட்டு நம் பாடநூலுக்கு வருவோம். கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பெயரைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்கிறோம். மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர், ஒளவைக்கு நெல்லி. ஏழு பேரும் எங்கே ஆண்டவர்கள் என்று ஒருமுறை நிதானித்துப் பார்த்தால், எழுவரும் மலைநாட்டுத் தலைவர்கள். பறம்பு, கொல்லி, பொதினி, பொதியில், குதிரைமலை என அடுக்கிக்கொண்டே போகலாம். அவர்களில் பாரி, மூவேந்தரின் முற்றுகைக்கு ஆளாகி மடிந்தான். ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். அதியமானும்கூடப் போரில்தான் முடிந்தான். சமவெளி அரசுகள் மலைக்குறுநிலங்களை விழுங்கிய ஒரு நீண்ட எல்லைப்போரின் வரலாற்றை நாம் ஈகையின் பட்டியலாக மாற்றி வைத்திருக்கிறோம். தேர்வில் கேட்கப்படுவதும் யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்பதே. அவர்களிடமிருந்து என்ன எடுக்கப்பட்டது என்ற வினாவை எந்த வினாத்தாளிலும் நாம் கண்டதில்லை.

அமெரிக்கருக்கும் இப்படியொரு வள்ளல் உண்டு. 1621இல் பிளிமத் குடியேறிகளோடு அறுவடை விருந்தில் அமர்ந்த வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட். அவர்களின் நன்றியறிதல் நாள் இன்றும் அவ்விருந்தையே நினைவுகொள்கிறது. அவருடைய மகன் மெட்டகாம் 1675இல் அதே குடியேறிகளுக்கெதிராகப் போர் தொடுத்து, அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார். அவர் தலை பிளிமத்தில் பல ஆண்டுகள் கம்பத்தில் இருந்தது. தந்தையின் விருந்துக்கும் மகனின் தலைக்கும் இடையே 55 ஆண்டுகள். விருந்து பண்டிகையாயிற்று, தலை ஆய்வு நூல்களுக்குள் போயிற்று. பாரியின் தேரும் பறம்பின் வீழ்ச்சியும் நம்மிடம் பிரிந்து நிற்பதும் ஏறத்தாழ இவ்வாறே. கபிலர் அப்படிப் பிரிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரித்தது பின்வந்த நம் பாடத்திட்டம்.

திணைக்கோட்பாட்டைக் கற்பிக்கும்போதும் இதுவே நேர்கிறது. குறிஞ்சி நமக்குப் புணர்ச்சியின் நிலம். தினைப்புனத்தில் பரண் இருக்கும், தலைவி கிளி ஓட்டுவாள், யானை தாக்க வரும், தலைவன் காப்பான். அந்தப் புனம் ஒரு வேளாண்முறை. காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, விதைத்து, சில ஆண்டுகள் கழித்து அதைத் தரிசாக விட்டு வேறிடம் போவது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டம் காடுகளை ஒதுக்கக் காடுகளாக வரையறுத்தபோது இந்த வேளாண்முறை குற்றமாயிற்று. குறவர் மகளின் பரண் நமக்கு அகப்பாடலாகவே நீடிக்க, அதே பரணில் நின்றவள் வனத்துறையின் பார்வையில் அத்துமீறியவள் ஆனாள். வகுப்பறையில் புனத்தைப் போற்றும் நாம், சன்னலுக்கு வெளியே தெரியும் மலையில் அதற்கு அபராதம் விதிக்கப்பட்டதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை, அவன் காட்டை நாடாக்கியதைக் கொல்லுதல் என்ற வினையாலேயே குறிக்கிறது. அப்புலவர் என்ன நடந்தது என்று அறிந்தே பாடியிருக்கிறார். நாம் உரை சொல்லும்போது அவ்வினையை 'திருத்தி' என்று மாற்றிவிடுகிறோம்.

அமெரிக்க ஒப்புமை எல்லை மீறுகிறது என்ற ஐயம் எழக்கூடும். அதில் உண்மை உண்டு. அங்கே அம்மை கொன்றது துப்பாக்கியைவிட அதிகம். இங்கே அப்படி ஒரு கொள்ளை நோயின் துணை குடியேறிகளுக்குத் தேவைப்படவில்லை. அங்கே மொழி வேறு, தெய்வம் வேறு. இங்கே இரு சாராரும் ஒரே மொழியில் ஒரே பெருமாளைக் கும்பிட்டனர். அங்கே எல்லைக்கோடு மேற்கு நோக்கி நகர்ந்தது. இங்கே அது கீழிருந்து மேலே ஏறியது, மிக மெதுவாக, பல நூற்றாண்டுகளில். தோற்றவர்களை அங்கே ஒதுக்கிடங்களுக்குத் துரத்தினார்கள். 1830ஆம் ஆண்டு வெளியேற்றச் சட்டமும், 1838இல் செரோக்கீ மக்கள் நடத்திச் செல்லப்பட்ட கண்ணீர்ப் பாதையும் அதன் கொடுமுடி. இங்கே தோற்றவர்களைச் சாதி அடுக்கின் கீழ்ப்படியில் வைத்தால் போதுமானதாயிருந்தது. துரத்தவேண்டிய தேவையே எழவில்லை. எது கொடியது என்ற அளவீட்டில் இறங்க நாம் விரும்பவில்லை.

ஒப்புமை மிகக் கூர்மையாகப் பொருந்துவது வேறோரிடத்தில். துப்பாக்கி ஓய்ந்தபின் அமெரிக்காவில் நிலத்தைப் பறித்தது காகிதம். 1887ஆம் ஆண்டு டாவஸ் சட்டம் இனக்குழுக்களின் பொதுநிலத்தைக் குடும்பங்களுக்குத் துண்டு துண்டாகப் பகிர்ந்து, மிஞ்சியதை உபரி என்று வெள்ளையருக்குத் திறந்துவிட்டது. பகிர்ந்த துண்டுகளும் கடனிலும் வரியிலும் கைமாறின. 1887இல் 13 கோடியே 80 லட்சம் ஏக்கராக இருந்த செவ்விந்தியர் நிலம் 1934இல் 4 கோடியே 80 லட்சம் ஏக்கராகச் சுருங்கிற்று. உங்களையும் உடைமையாளர் ஆக்குகிறோம் என்ற நல்லெண்ணச் சொற்களோடுதான் அச்சட்டம் வந்தது.

நம் மலைகளில் இன்று நடப்பதைப் பேச இதைவிட நல்ல முன்னுரை இல்லை. சாமையும் தினையும் விளைந்த மேட்டு நிலங்களில் மரவள்ளி ஏறியது. ஜவ்வரிசி ஆலைகள் கீழே இருக்கின்றன. விலையும் கீழேயே தீர்மானிக்கப்படுகிறது. முன்பணம், அதற்கு ஈடாகக் குத்தகை, குத்தகை நீண்டு அனுபவ பாத்தியம் என்று படிகள் வரிசையாக இருக்கின்றன. ஆந்திரத்தின் பழங்குடிப் பகுதிகளில் பழங்குடியல்லாதார் நிலம் வாங்குவதை 1970ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் முற்றாகத் தடுக்கிறது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை அதற்கு அடிப்படை. தமிழ்நாட்டில் அவ்வட்டவணையின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி ஓரங்குலமும் இல்லை. இத்தனை மலைகள் இருந்தும் இல்லை. இது ஏன் நம் அரசியல் மேடைகளில் ஒரு கேள்வியாகக்கூட எழுவதில்லை என்பது வியப்புக்குரியது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், வனவாசிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று முகப்பிலேயே ஒப்புக்கொண்டது. இந்தியச் சட்டங்களில் அரிதாகக் காணப்படும் வாக்குமூலம் அது. 2005 டிசம்பர் 13க்கு முன் உழுத நிலத்துக்கு, குடும்பத்துக்கு 4 எக்டேர் வரை உரிமை. அதோடு காட்டின் மீது ஊருக்குப் பொதுவான உரிமை. முடிவெடுக்கத் தொடங்கும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது தடைபட்டு, 2016இல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே நகர்ந்தது. எட்டாண்டுகள்! தனிநபர் பட்டாவைக் கொடுத்துப் படமெடுத்துக்கொள்வதில் அதிகாரிகளுக்கு இருக்கும் ஆர்வம், ஊர்ப் பொதுக்காட்டின் உரிமையை எழுதித்தருவதில் இருப்பதில்லை. டாவஸ் சட்டத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அச்சம் வரவேண்டிய இடம் இதுதான். துண்டுநிலம் கைமாறும். ஊர்க்காடு அவ்வளவு எளிதில் கைமாறாது.

யார் பழங்குடி என்பதையும் காகிதமே முடிவு செய்கிறது. 1965இல் லோகூர் குழு வகுத்த அளவுகோல்களில், பிறரோடு பழகக் கூசுதல் என்பதும் ஒன்று. பச்சைமலையிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கி, பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கும் மாணவனைக் காணும்போதெல்லாம் அந்த அளவுகோல் நினைவுக்கு வருகிறது. நன்றாகப் பேசினால் பழங்குடியா என்று ஐயுறுகிறோம். பேசாவிட்டால் பின்தங்கியவன் என்கிறோம். சான்றிதழுக்காக அவன் அலைவது தனிக்கதை. அட்டவணையில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயர்கள் உள்ளன. பழைய கோவை மாவட்டம் அதில் இல்லை. ஆகவே இன்றைய ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே பெயரோடு, அதே வழக்கங்களோடு வாழ்பவர்கள் பழங்குடிப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, பல பத்தாண்டுகளாகக் கோரிக்கை வைத்து வந்திருக்கின்றனர். மாவட்ட எல்லையை வரைந்தவர்கள் மலையைக் கேட்டா வரைந்தார்கள்?

காகிதத்தால் ஆகாதபோது லத்தி வரும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள மலையாளிகளின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அவ்வூருக்குள் நுழைந்தன. வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர் 269 பேர். 2011இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்தது. 31 ஆண்டுகள் ஓர் ஊர் தளராமல் சாட்சி சொல்லியிருக்கிறது. வூண்டட் நீ படுகொலையைப் பற்றிய டீ பிரௌனின் நூலைத் தேடிப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். வாச்சாத்தி பற்றிப் பேசிய இலக்கியக் கூட்டங்கள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம்.

செய்யக்கூடியது ஒன்று நம் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. நாட்டார் வழக்காற்றியல் தாளுக்கு மாணவர்கள் கள ஏடு ஒப்படைக்கிறார்கள். பெரும்பாலும் தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை. முந்தைய ஆண்டு ஏட்டைப் பார்த்து எழுதியவையும் உண்டு, அதை நாம் அறிவோம். வண்ணாட்டிலிருந்தும் தென்புறநாட்டிலிருந்தும் வரும் மாணவர்களிடம், தம் பாட்டிமார் பாடும் மூன்று அண்ணன்மாரின் கதையை எழுதி வரச் சொல்லலாம். வேடரை எப்படிச் சொல்கிறார்கள், வேடப் பெண்ணுக்கு அதில் பெயர் உண்டா, சோறு எடுத்துவைக்கும் வழக்கம் எந்தெந்த வீடுகளில் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டு வரச் சொல்லலாம். ஹெமிங்வேக்குக் கதை சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்திருக்க வேண்டும். எழுதியதில் ஒரு படி கல்லூரி நூலகத்துக்கு வரட்டும். மற்றொரு படி அந்தந்த ஊரிலேயே இருக்கட்டும். நாளை கிராம சபையில் உரிமைக் கோரிக்கை வைக்கும்போது ஊர்ப்பெரியவர்களின் வாய்மொழியையும் சான்றாகக் கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்தின் விதிகளே இடம் தருகின்றன.